ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பார்கள். இதில் வருவது நிஜ ஆமை இல்லை, கல்லாமை, முயலாமை, பொறாமை என்கிற ஆமைகள்தான் என்று பள்ளிக்கூடத்தில் நமக்கு நயமாக விளக்கம் சொல்லியிருப்பார்கள். அமீனாவுக்கு மட்டும் அப்படி ஒரு விளக்கத்தை யாரும் சொன்னதில்லை. அவர் நிஜ அமீனாதான். கோர்ட் உத்தரவோடு வந்து வீட்டில் இருப்பதை ஜப்தி செய்துகொண்டு போகிறவர்.

மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஒரு காலனியில் நாங்கள் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்கள். அங்கே ஒரு வீட்டில் நிஜ ஆமையே இருந்தது. அதற்கு வயிறு கெட்டுப்போனது. அந்த வயிற்றைச் சரிசெய்யப் போனபோதுதான், ஆமை புகுந்த வீட்டுக்குள் அமீனாவும் புகுந்துவிடுவாரோ என்கிற பயம் எப்படி இருக்கும் என்று பார்த்தோம். சாதி பற்றிப் பேசும் இடத்தில் ஆமைக்கு என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்க வேண்டும்.

அந்த வீட்டுக்காரர் கறிவேப்பிலைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறவர். களை வெட்டும்போது வேலியோரம் கிடந்ததைத் துண்டில் முடிந்து, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக எடுத்து வந்திருக்கிறார். உள்ளங்கை அளவு. கறுத்த ஓட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். நட்சத்திர ஆமை. தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளிலும் காட்டோர வயல்களிலும் வாழ்கிற, நம் மண்ணின் ஆமை. விற்க வேண்டும் என்ற நினைப்பு அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. பெண் குழந்தை ஆசையாக வளர்த்தாள். ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் மணல் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள்.

வீட்டில் என்ன உண்டோ அது ஆமைக்கும் உண்டு. ரேஷன் அரிசிச் சோறு, டீயில் நனைத்த பிஸ்கட், எப்போதாவது ஒரு மூடி பால். அம்மா காய்கறி மண்டியில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர். நீலகிரியிலிருந்து இறங்கும் லோடில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலையும் அடிபட்ட தக்காளியும் அவர் மூலம் வந்துவிடும். நான்கு மாதம் இப்படி ஓடியது. கார்த்திகை பிறந்து மலைக்காற்று இறங்கத் தொடங்கியதும் ஆமைக்கு வயிற்றால் போனது. நாற்றம் தாங்காது என்று தொட்டியைத் திண்ணைக்கு மாற்றினார்கள். பிறகு வயிற்றால் போவதும் நின்றது. தின்பதும் நின்றது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அரைக்கண் மூடிக் கிடந்தது.

படிப்பகத்துக்கு அந்தப் பெண் தொட்டியோடு வந்தபோது காலனியே வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தது. "வயிறு கட்டிக்கிச்சு கண்ணு, ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய் ஊத்துனா எளகிரும்" என்றார் பாட்டி. ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன், "ஆட்டுக்குப் போடற பூச்சி ஊசி மருந்து கொஞ்சம் மிச்சமிருக்குதுங்க, ஒரு சொட்டு போட்டுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். எல்லாம் அக்கறையில் வந்த யோசனைகள். நாங்கள் வெளியூரில் இருக்கும் ஒரு கால்நடை மருத்துவத் தோழருக்குப் போன் போட்டோம். அவர் முதலில் கேட்டது அந்த ஊசி மருந்தின் பெயரைத்தான். ஐவர்மெக்டின். "அதை ஆமைக்குக் காட்டவே கூடாது. ஆட்டுக்குப் பூச்சி மருந்து, ஆமைக்கு விஷம்" என்றார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் சாதாரணமாகப் போடும் இந்த மருந்து ஆமையின் நரம்பைத் தாக்கி வாதத்தில் தள்ளிவிடும், உயிரே போகும். கிராமங்களில் கையெட்டும் தூரத்தில் கிடக்கிற மருந்து என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

அவர் போனிலேயே நடத்திய பாடத்தை, படிப்பகத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னது போலவே இங்கேயும் சொல்கிறோம்.

ஆமைக்குத் தனக்கென்று உடல் சூடு கிடையாது. வெயில் தரும் சூட்டில்தான் அதன் குடல் வேலை செய்யும். நட்சத்திர ஆமைக்குப் பகலில் 28 முதல் 32 டிகிரி வரை சூடு வேண்டும். சிமென்ட் தரையில், கட்டிலுக்கு அடியில், வெயிலே படாமல் கிடந்தால் குடல் கிட்டத்தட்ட நின்றுவிடும். தின்றது உள்ளேயே கிடந்து புளிக்கும். எனவே பசியில்லாத ஆமைக்கு முதல் மருந்து வெயில். காலை வெயிலில் விட வேண்டும், பக்கத்திலேயே ஒதுங்க நிழலும் இருக்க வேண்டும், இரவில் குளிர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். அகலமான தட்டில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை அதன் தாடை மூழ்காத ஆழத்துக்கு ஊற்றி, 15 அல்லது 20 நிமிடம் நிற்க விட வேண்டும். அது தண்ணீர் குடிக்கும், பெரும்பாலும் அதிலேயே கழியும். கழியும்போது வெள்ளையாகப் பசை போல வருவது நோய் இல்லை, அதன் சிறுநீர் உப்பு. அந்த வெள்ளை மணல் போல நறநறவென்று வந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது தீனி. நட்சத்திர ஆமை புல் தின்னும் பிராணி. அதன் பின்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்துத்தான் அதற்குச் சத்து கிடைக்கிறது. தின்ற புல் வெளியே வரப் பல நாட்கள் ஆகும், சில நேரம் வாரங்கள்கூட ஆகும். அவ்வளவு நிதானமாக ஓடும் வயிற்றில் சோறும் பிஸ்கட்டும் போய் விழுந்தால் நுண்ணுயிர்களின் கணக்கே குலைந்துவிடும். காற்று சேரும், வயிற்றால் போகும். பால் ஊர்வனவற்றுக்குச் செரிக்கவே செரிக்காது. தக்காளி, வாழைப்பழம் போன்ற இனிப்பும் புளிப்பும் கூடினால் கழிச்சல். முட்டைக்கோஸ் தினசரித் தீனியாகக் கூடாது. அருகம்புல், காய்ந்த புல், முருங்கை இலை, செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் இவைதான் அதன் சாப்பாடு. எல்லாம் காலனி வேலியிலேயே கிடைக்கிறவை, காசில்லாதவை. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் மணலைத் தின்று குடலை அடைத்துக்கொள்ளும் என்பதால் தொட்டியில் இருந்த மணலையும் எடுக்கச் சொன்னார். விளக்கெண்ணெய் வேண்டாம், வாயைப் பிளந்து ஊட்டவும் வேண்டாம். முக்கியும் கழியாவிட்டால், பின்புறம் சதை வெளியே தள்ளினால், மூக்கில் குமிழி வந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். குடலில் பூச்சி இருக்கிறதா என்பதைச் சாணத்தைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

வெயிலுக்கும் வெந்நீருக்கும் நான்காம் நாள் பலன் தெரிந்தது. கறுப்பாக, கெட்டியாக, பாதி செரித்த பிஸ்கட் வாடையோடு ஒரு கட்டி விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் அது தின்னவில்லை. சாணத்தைச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவத் தோழர் சொன்னார். அங்கிருந்துதான் எங்களுக்குச் சிக்கல் தொடங்கியது.

ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். தொட்டியைத் திறந்து பார்த்ததும் அங்கிருந்தவர் மூடினார். "இது ஃபாரஸ்ட் கேஸ் ஆயிருமுங்க. நாங்க கை வெக்க முடியாது, வெளிய கொண்டு போயிருங்க" என்றார். அதுவரை ஒரு அதிகாரியின் பயம் என்று எடுத்துக்கொண்டோம். அடுத்த கேள்வி அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்து வந்தது. "எந்தக் காலனி நீ?" எங்களை 'ங்க' போட்டுப் பேசியவர் அவரை 'நீ' என்றார். அவர் பதில் சொல்லாமல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று இரவே ஆமையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். "வேண்டாமுங்க, போயி எழுதிக் குடுத்துரலாம்" என்று நாங்கள் சொன்னபோது அவர் சொன்ன பதில்: "ஏனுங்க, செத்தவிங்களுக்கு நியாயம் கேட்டதுக்கே அடிச்சாங்க. ஆமையப் புடிச்சவன சும்மா உட்ருவாங்களா?"

அவர் சொன்னது நடூர். 2019 டிசம்பர் 2 விடியற்காலையில், மழையில் ஊறிய தனியார் வீட்டுச் சுற்றுச்சுவர் அருந்ததியர் குடியிருப்பின் மேல் இடிந்து விழுந்தது. 17 பேர் தூக்கத்திலேயே போனார்கள். சுமார் 20 அடி உயரத்துக்கு எழுப்பப்பட்டிருந்த அந்தச் சுவரைத் தீண்டாமைச் சுவர் என்றுதான் நம் மக்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு நீதி கேட்டு மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனை முன்னால் திரண்டவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு ஊரில் இது நடந்த பிறகு, காக்கிச் சட்டை போட்ட எந்த அலுவலகத்துக்கும் ஒரு காலனிக்காரர் தானாக நடந்து போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? வனத்துறை வேறு, காவல்துறை வேறு என்பது நமக்குத் தெரியும். சட்டையின் நிறம் ஒன்றுதானே?

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். அது அரசின் சொத்து. ஒருவர் கைக்கு அது எப்படி வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39ஆவது பிரிவு. 2022 திருத்தத்தில் பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்ந்தது. இந்தச் சட்டம் தேவையா என்றால், தேவை. இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அங்கே மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைக் குட்டிகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாகச் சொன்னது. 2019இல் இந்த ஆமையின் பன்னாட்டு வணிகம் முற்றாகத் தடை செய்யப்பட்டது. வீட்டில் இருந்த ஆமையைத் திரும்பக் காட்டில் நம் இஷ்டத்துக்கு விடுவதும் ஆபத்து. அது சுமந்துபோகும் கிருமி காட்டில் இருக்கும் ஆமைகளைத் தாக்கும். ஆமையின் பக்கம் நிற்கும் சட்டத்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை.

எங்கள் கேள்வி, அந்தச் சட்டம் யார் வீட்டில் எந்த முகத்தோடு நுழைகிறது என்பது. ஆப்பிரிக்காவின் சல்கேட்டா ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பன்னாட்டுப் பட்டியலில் இருக்கும் பிராணிதான். இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாகச் சொல்லிவிட்டால் எந்தக் காகிதமும் காட்ட வேண்டியதில்லை என்று 2020 ஜூனில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. எப்படி வாங்கினீர்கள் என்ற கேள்வியே இல்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கு ஆறு மாத அவகாசம். களை வெட்டும்போது கண்டெடுத்தவருக்கு 48 மணி நேரம். வெளிநாட்டு ஆமைக்கு ஒரு சட்டம், உள்நாட்டு ஆமைக்கு ஒரு சட்டம் இருப்பதற்கு வனவியல் காரணம் உண்டு என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பங்களா வீட்டுக்காரரைக் குற்றவாளியாக்காமல் பேச்சுக்குக் கூப்பிடும் வழி ஒன்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது அல்லவா? அந்த வழி காலனிக்கு ஏன் வருவதில்லை?

பழமொழிக்கும் இதே கதைதான். கூர்மம் விஷ்ணுவின் அவதாரம். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் ஸ்ரீகூர்மம் கோயில் வளாகத்தில் உயிருள்ள நட்சத்திர ஆமைகளை வெகுகாலமாக வைத்திருக்கிறார்கள். பக்தர்கள் கீரை ஊட்டிப் புண்ணியம் தேடிக்கொள்கிறார்கள். கோயம்புத்தூர் நகைக்கடையில் ஆமை மோதிரம் கிடைக்கும். வாஸ்துவுக்கு என்று கண்ணாடி ஆமையைத் தண்ணீரில் வைத்து வரவேற்பறையில் அழகு பார்க்கிறார்கள். கோயிலில் இருந்தால் தெய்வம், வரவேற்பறையில் இருந்தால் செல்வம், காலனியில் இருந்தால் தரித்திரம். எந்த வகைக்குள்ளும் அடங்காததைத்தான் சமூகம் தீட்டு என்று ஒதுக்குகிறது என்று மேரி டக்ளஸ் 1966இல் எழுதியதை எம்.ஏ. வகுப்பில் படித்தோம். அதோடு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. தீட்டு பொருளில் இல்லை, அது யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. இதை நம் மக்களுக்கு மேரி டக்ளஸ் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியில் எழுதிக் கொடுத்தோம். வழக்கறிஞர் தோழர் ஒருவர் உடன் வந்தார். ஆமை கிடைத்த இடம், சூழ்நிலை, அதன் உடல்நிலை, சோதனை செய்ய வேண்டிய அவசியம் எல்லாவற்றையும் மனுவாக எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் வாங்கினோம். வனத்துறையினர் நாகரிகமாகவே நடந்துகொண்டார்கள். உட்காரச் சொன்னார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. "புல் போட்டது நல்லதுங்க" என்றுகூட ஒருவர் சொன்னார். அந்தப் பெண் ஒரு காகிதத்தில் ஆமை என்னென்ன தின்னும் என்று எழுதி வைத்திருந்தாள். அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். அந்த மனுவில் எங்கள் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. இருந்தது. பக்கத்தில் கறுப்புக் கோட்டு இருந்தது. இவை இரண்டும் இல்லாமல் அந்த அப்பா மட்டும் அந்தத் தொட்டியோடு போயிருந்தால் அதே நாற்காலி அவருக்குக் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கலாம். ஒரு நல்ல அதிகாரி இருந்திருந்தால். நம் மக்களின் நியாயம் இப்படி நல்ல அதிகாரி இருக்கும் நாளையும் படித்த ஆள் துணைக்கு வரும் நாளையும் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் ஆமை செத்துப்போகும். அல்லது இருட்டில் ஏதாவது ஒரு கரட்டில் விடப்பட்டு, பசியிலும் குளிரிலும் கிடந்து செத்துப்போகும். பயம் ஆமையையும் காப்பாற்றாது, காட்டையும் காப்பாற்றாது.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வணிகத்துக்காக இல்லாமல், தெரியாமல் எடுத்து வளர்த்துவிட்டவர்கள் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் அவர்கள் மீது வழக்கு வராது என்பதை வனத்துறை தமிழில் அச்சடித்து, ரேஷன் கடையிலும் பள்ளியிலும் காலனி முகப்பிலும் ஒட்ட வேண்டும். வாய்வார்த்தை போதாது, முத்திரையோடு வேண்டும். சாகக் கிடக்கும் பிராணியோடு வருகிறவரிடம் கால்நடை மருத்துவர்கள் முதலில் வைத்தியமும் பிறகு தகவலும் என்ற வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும். எந்தக் காலனி என்ற கேள்வி அந்த வரிசையில் எங்கேயும் வரக் கூடாது. வனவியல் கல்லூரி இருக்கிற ஊர் இது. அங்கே படிக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் படிப்பகம் போன்ற இடங்களுக்கு வந்து, வேலியோரம் எந்த உயிர் கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளைகள் கேட்கத் தயாராக இருக்கிறார்கள்.

போன வாரம் வேறு இரண்டு பேர் தனித்தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க ஊட்லயும் ஒண்ணு இருக்குதுங்க" என்றார்கள். பெயர் வெளியே வராமல் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். உடன் வருகிறோம் என்பதைத் தவிர வேறு உறுதி கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. வெயிலில் வையுங்கள், சோற்றை நிறுத்திவிட்டு அருகம்புல் போடுங்கள், ஊசி எதுவும் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறோம். இன்று இரவு இரண்டு மனுக்கள் எழுத வேண்டும்.